குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி... பொய் சொல்வது எந்த சென்சார்?

மெக்கானிக் கண்ணுக்குச் சிக்காத கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கும் வழிமுறைகள்!

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நீலகிரி மலையில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல உறைபனி படர்ந்திருக்கும். கேத்தி பாலாடா பக்கத்தில் பிடுங்கிய கேரட்டைக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு அனுப்பியாக வேண்டும். கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் இதே அவசரம்தான். அந்த நேரத்தில் வண்டி மக்கர் செய்தால், சரக்கு கடைசியாகப் போய்ச் சேரும். விலையும் கடைசி விலைதான். இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய், வீட்டில் இருக்கும் ஒரே காரும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம்.

இந்தக் கோளாறில் ஒரு வினோதம் உண்டு. காலையில் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் எடுக்காது. ஏழெட்டு முறை முயன்ற பிறகு, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, உடம்பை உதறிக்கொண்டு ஒருவழியாக எடுக்கும். பதினோரு மணி வெயிலில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிவிடும். ‘‘என்னங்கண்ணா, வண்டி நல்லாத்தானே இருக்கு?’’ என்பார் அவர். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. பிறகு, சந்தேகத்தின் பேரில் ஒரு பேட்டரி மாற்றப்படும். அடுத்து ஹீட்டர் பிளக். அதற்கடுத்து பம்பு வேலை. பணம் போகுமே தவிர, கோளாறு போகாது.

காரணம் எளிமையானது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வெளியே வரும் கோளாறு இது. ஒர்க் ஷாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது, கோளாறும் ஒளிந்துகொள்கிறது. அதை நேரில் பார்க்கும் ஒரே சாட்சி வண்டிக்காரர்தான். அவர் காலையில் கவனித்துச் சொல்லும் நான்கு விவரங்கள், மதியம் செய்யும் நான்கு மணி நேர வேலையைவிட அதிகம் உதவும்.

இன்ஜினுக்குக் குளிர் எப்படித் தெரிகிறது?

பழைய பெட்ரோல் கார்களில் ‘சோக்’ என்று ஒரு குமிழ் இருந்தது. குளிரான நேரத்தில் ஓட்டுபவர் அதை இழுத்து, பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி செய்வார். இன்றைய கார்களில் அந்த வேலையை ‘இ.சி.யு’ எனப்படும் இன்ஜின் கணினி செய்கிறது. குளிரா, சூடா என்று அதற்குச் சொல்வது ‘கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்’. கட்டைவிரல் அளவே உள்ள இந்தச் சிறு பாகம், இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரில் மூக்கை நுழைத்தபடி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் பொருத்தியிருக்கும் இடத்துக்கு அருகில் இதைப் பார்க்கலாம்.

இதன் உள்ளே இருக்கும் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்தால் அதன் மின்தடை கூடும், சூடானால் குறையும். அந்த மின்தடையை வைத்துத்தான் இ.சி.யு வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் எத்தனை விநாடி பழுக்க வேண்டும், டீசலை எவ்வளவு, எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்தே முடிவாகும். பெட்ரோல் காரிலும் அப்படித்தான். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும்.

இப்போது, வெளியே 5 டிகிரி செல்சியஸ் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், சென்சார் ‘இன்ஜின் 35 டிகிரியில் இருக்கிறது’ என்று சொல்கிறது. இ.சி.யு அதை நம்பி, ‘அதிகக் குளிரில்லை’ என்று ஹீட்டர் பிளக்கைச் சீக்கிரமே நிறுத்திவிடும்; எரிபொருளையும் குறைத்துவிடும். இன்ஜின் எடுக்காது. பகலில் இன்ஜின் உண்மையிலேயே 35 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது பொய்க்கும் உண்மைக்கும் பெரிய இடைவெளி இருக்காது. அதனால்தான் மெக்கானிக் முன்னால் வண்டி சமர்த்தாக நடந்துகொள்கிறது.

முழுக்கச் செத்துப்போன சென்சாரை இ.சி.யு பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். டாஷ்போர்டில் செக் லைட் எரியும். பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடும். பாதி உண்மை, பாதி பொய் சொல்லும் சென்சார்தான் ஆபத்தானது. அது சொல்லும் எண் நம்பக்கூடியதாக இருப்பதால் செக் லைட்கூட எரியாமல் போகலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு சிறு நோட்டில் மூன்று நாள்கள் காலையில் இவற்றைக் குறித்து வைத்தால் போதும்.

* செல்ஃப் சுற்றும் வேகம்: பகலில் சுற்றும் அதே சத்தத்தோடு சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இழுத்தால், சென்சாரைப் பற்றி யோசிக்கும் முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும்.

* சுருள் விளக்கு: டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் கம்பிச்சுருள் வடிவில் ஒரு விளக்கு எரியும். அது எத்தனை விநாடிகள் எரிகிறது என்று எண்ணுங்கள். சமவெளிச் சூட்டில் அது உடனே அணைவது இயல்பு. உறைபனிக் காலையில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் அணைந்தால், இன்ஜின் சூடாக இருப்பதாக இ.சி.யு நம்புகிறது என்று அர்த்தம்.

* புகை: செல்ஃப் அடிக்கும்போது டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால், எரியவில்லை. ஹீட்டர் பிளக், வெப்பநிலை சென்சார் பக்கம் தேட வேண்டும். புகையே இல்லையென்றால், டீசலே உள்ளே போகவில்லை. எரிபொருள், கிராங்க் சென்சார் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு விவரமே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

* ஆர்.பி.எம் முள்: செல்ஃப் சுற்றும்போது பல வண்டிகளில் இந்த முள் லேசாக அசையும். வழக்கமாக அசையும் முள் அசையாமல் கிடந்தால், இன்ஜின் சுற்றுவதே இ.சி.யு-வுக்குத் தெரியவில்லை.

* செக் லைட்: சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைகிறதா, அணையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரியும் எர்த்தும்!

இலை மஞ்சளானதும் காரணம் பார்க்காமல் யூரியாவைத் தூவுகிற கதையாக, ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் சென்சாரை மாற்றக் கூடாது. வேர் அழுகலா, தண்ணீர் தேங்கியதா, சத்துக் குறைவா என்று வயலில் பார்ப்பதுபோல, வண்டியிலும் வரிசை உண்டு. அதில் முதலிடம் பேட்டரிக்கு.

குளிர் கூடக்கூட பேட்டரியின் பலம் குறையும். வெயில் நாளில் தரும் விசையில், 0 டிகிரி குளிரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்குக் கூடுதல் விசை கேட்கும். ஊட்டி போன்ற 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தமும் கடல் மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. அழுத்தப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் தீப்பிடிக்கிறது என்பதால், இதுவும் ஒரு இடைஞ்சல்தான்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் சோதனை சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.

அடுத்தது எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் வயர் சரியில்லை. அதன் போல்ட்டைக் கழற்றி, துருவையும் களிம்பையும் சுரண்டி, இறுக்கிவிட்டாலே பல வண்டிகள் பிழைத்துவிடும். எர்த் மோசமாக இருந்தால் நல்ல சென்சார்கூட தப்பான எண்ணைத்தான் காட்டும்.

விடியற்காலைச் சோதனை

காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சிறிய ஸ்கேனரைச் செருகி, செல்போனில் விவரங்களைப் பார்க்கலாம். வண்டிக்குப் பொருந்தும் எளிய ஸ்கேனர்கள் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கின்றன. நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள் இரவு வண்டியை நிறுத்தி, குறைந்தது எட்டு மணி நேரம் அப்படியே விட வேண்டும். காலையில் வெயில் படும் முன், செல்ஃப் அடிக்காமல், சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்து, ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கூலன்ட் வெப்பநிலை. மற்றொன்று, இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை. வண்டி அருகில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்து, வெளிக்குளிரையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் இரும்பு, தண்ணீர், காற்று எல்லாம் ஒரே குளிரில்தான் இருக்கும். அதனால், இந்த மூன்று எண்களும் 5 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே 5, காற்று 6, கூலன்ட் 35 என்று வந்தால், கூலன்ட் சென்சாரோ அதன் வயரிங்கோதான் பொய் சொல்கிறது. கூலன்ட் 6, காற்று 40 என்றால், சந்தேகம் காற்று சென்சார் மேல். மூன்றும் ஒத்துப்போனால், வெப்பநிலை சென்சார்கள் நிரபராதிகள். வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு ரூபாய் பாகம்கூட மாற்றாமல் கிடைக்கும் தீர்ப்பு இது. இன்ஜின் ஒருமுறை ஓடிவிட்டால், அடுத்த விடியற்காலை வரை இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

ஸ்கேனரில் கோளாறு எண்கள் இருந்தால், அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘பி’ என்ற எழுத்தோடு தொடங்கும் அந்த எண்கள் பெரும்பாலான கார்களுக்குப் பொது.

* பி 0117: கூலன்ட் சென்சார் சுற்றில் மின்னழுத்தம் குறைவு. ஷார்ட் ஆகியிருக்கலாம், இன்ஜின் கொதிப்பதுபோலக் காட்டும்.
* பி 0118: அதே சுற்று அறுந்திருக்கலாம், மைனஸ் 40 டிகிரி என்று காட்டும்.
* பி 0335: கிராங்க் சென்சார் சுற்று.
* பி 0340: கேம் சென்சார் சுற்று.
* பி 0087: டீசல் ரயில் அழுத்தம் போதவில்லை.
* பி 0380: ஹீட்டர் பிளக் சுற்று.

இந்த எண்கள் ‘இந்தப் பாகத்தை மாற்று’ என்று சொல்லவில்லை. ‘இந்தச் சுற்றில் தேடு’ என்றுதான் சொல்கின்றன. சென்சார், அதன் கப்ளர், வயர், எர்த் ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் சுற்று. கோளாறு பதிவான நேரத்தில் இன்ஜின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதையும் பல வண்டிகள் சேமித்து வைக்கும். பேட்டரியைக் கழற்றினால் இந்தச் சாட்சியங்கள் அழிந்துவிடலாம். ‘பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிப் பார்ப்போம்’ என்பது அதனால்தான் கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

சென்சாரா... கப்ளரா... எலியா?

கூலன்ட் சென்சார் மீது சந்தேகம் உறுதியானால், முதலில் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சைக் களிம்பு, ஈரம், மண் இருக்கிறதா? காய்கறி ஏற்றும் வண்டிகளைப் பிரஷர் பம்பு வைத்துக் கழுவும்போது தண்ணீர் இங்கே புகுந்துவிடும். இந்த ஈரம் செய்யும் வேலை சுவாரஸ்யமானது. 5 டிகிரியில் சென்சாரின் மின்தடை சுமார் 4,500 ஓம். கப்ளரில் தேங்கிய அழுக்கு ஈரத்தின் வழியாக 2,000 ஓம் அளவுக்குக் கசிவு இருந்தால், இரண்டும் சேர்ந்து இ.சி.யு-வுக்கு 1,400 ஓம் போலத் தெரியும். அது ஏறத்தாழ 35 டிகிரிக்கான எண். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். காலையில் மட்டும் வரும் கோளாறின் ரகசியம் பல வண்டிகளில் இதுதான்.

வயரிங்கில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வைக்கோல், தானியம் அடுக்கிய கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். குளிர்காலத்தில், சூடான இன்ஜின் மேல் எலிகள் கூடு கட்டும்.

கப்ளரும் வயரும் சுத்தம் என்றால், சென்சாரை அளக்கலாம். கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு முனைகளிலும் மீட்டரை ஓம் அளவில் வைக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்காணும் அளவுகளுக்கு அருகில் இருக்கும். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் அளவே இறுதியானது.

* 0 டிகிரி: 5,000 முதல் 6,000 ஓம்
* 20 டிகிரி: 2,000 முதல் 3,000 ஓம்
* 40 டிகிரி: 1,000 முதல் 1,300 ஓம்
* 80 டிகிரி: 300 ஓம் அளவு

சென்சாரைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் அதன் முனையை மட்டும் நனைத்து, தண்ணீரை மெள்ளச் சூடேற்றியும் சோதிக்கலாம். மின்தடை சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும். இடையில் குதித்தால், சென்சார் கெட்டுவிட்டது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் சென்சாரைக் கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு அடிக்கும்.

அளவு சரியாக இருந்தால், சென்சார் நல்லது. சாவியை ‘ஆன்’ செய்து, கழற்றிய கப்ளரின் முனைகளில் வோல்ட் பாருங்கள். 5 வோல்ட் அருகில் வர வேண்டும். வராவிட்டால், வயரில் எங்கோ அறுப்பு இருக்கிறது.

புது சென்சார் பல வண்டிகளுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் சென்சாரைப் போடக் கூடாது. வெளியே ஒரே மாதிரி இருந்தாலும், மின்தடைக் கணக்கு வேறாக இருக்கும். மாற்றிய பிறகு கூலன்ட் அளவைச் சரிசெய்து, உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும்.

மற்ற சந்தேக நபர்கள்

கிராங்க் சென்சார்: இன்ஜின் சுற்றுவதை இ.சி.யு-வுக்குச் சொல்வது இது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம் 150-க்கு மேல் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றியும் பூஜ்யம் காட்டினால் கிராங்க் சென்சார், அதன் வயர், முனையில் ஒட்டிய இரும்புத் தூள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பழைய வகை கிராங்க் சென்சாரில், சுற்றும் வேகம் குறைந்தால் சிக்னலும் குறையும். பேட்டரி பலவீனமாகி செல்ஃப் இழுக்கும்போது, சென்சார் நன்றாக இருந்தும் சிக்னல் போதாமல் போகலாம். பேட்டரியை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரயில் அழுத்த சென்சார்: இன்றைய டீசல் வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது டீசல் அழுத்தம் சுமார் 200 பார் அளவுக்கு ஏறினால்தான் இ.சி.யு இன்ஜெக்டரைத் திறக்கும். ஏறவில்லை என்றால் புகையே வராது. அழுத்தம் உண்மையிலேயே ஏறவில்லையா, சென்சார் தப்பாகச் சொல்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது டீசல் பம்பு வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. ஆனால், அதற்கு முன் ஒன்றைச் செய்யலாம். கைப் பம்பு உள்ள வண்டியில், காலையில் அதை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால், இரவில் டீசல் பின்வாங்கி, குழாயில் காற்று புகுகிறது என்று அர்த்தம். ஃபில்டர் வாஷர், வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப் ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

ஹீட்டர் பிளக்: பல வண்டிகளில் இருக்கும் 12 வோல்ட் பிளக்கின் மின்தடை 1 ஓம் அருகில்தான் இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால், உள்ளே அறுந்துவிட்டது. சுருள் விளக்கு எரிவதாலேயே பிளக் பழுக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ரிலே, பியூஸ் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செய்யவே கூடாதவை!

* ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வண்டியில், ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைக் காற்றுக் குழாயில் அடிக்கக் கூடாது. பழுத்த பிளக்கில் பட்டு வெடித்து, பிஸ்டன் உடையும். கையையும் முகத்தையும் பதம் பார்க்கும்.

* ஆயில் சம்ப்புக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றக் கூடாது. வயரும் டீசல் ஹோஸும் அருகிலேயே இருக்கின்றன.

* பழைய வண்டிகளில் காற்று எடுப்பதற்காக இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்துவார்கள். காமன் ரயில் வண்டிகளில் அது உயிருக்கே ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

* தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. ஒரு முறைக்கு 10 விநாடிகள். பிறகு அரை நிமிடம் ஓய்வு. இல்லாவிட்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை செல்ஃப் மோட்டாரையும் சேர்த்து எரித்துவிடும்.

வழக்கமாக எழும் கேள்விகள்

‘‘கூலன்ட் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிறது. அப்படியே ஓட்டலாமா?’’

கூடாது. கப்ளரைக் கழற்றியதும் இ.சி.யு கடுங்குளிர் என்று நினைத்தோ, தானாக ஒரு மாற்று எண்ணை வைத்துக்கொண்டோ ஹீட்டர் பிளக்கையும் எரிபொருளையும் கூட்டுகிறது. அதனால் எடுக்கிறது. சென்சாரோ கப்ளரோதான் குற்றவாளி என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால், அப்படியே ஓட்டினால் எரிபொருள் வீணாகும். இன்ஜின் கொதித்தாலும் இ.சி.யு-வுக்குத் தெரியாமல் போகும். ஒர்க் ஷாப் வரை போவதற்கு மட்டும், கவனமாகப் பயன்படுத்தலாம்.

‘‘டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சரியாகக் காட்டுகிறது. அப்படியானால் சென்சார் நல்லதுதானே?’’

உறுதியாகச் சொல்ல முடியாது. சில வண்டிகளில், குறிப்பாகப் பழைய மாடல்களில், முள்ளுக்கு ஒரு சென்சார், இ.சி.யு-வுக்கு வேறொரு சென்சார் இருக்கும். ஸ்கேனரில் தெரியும் எண்தான் இ.சி.யு பார்க்கும் எண்.

‘‘பெட்ரோல் கார். காலையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, எடுக்க மறுக்கிறது. என்ன செய்வது?’’

பெட்ரோல் அதிகமாகிவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல கார்களில், இப்படிச் செய்யும்போது இ.சி.யு பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். அதன் பிறகு எடுத்தால், சென்சார் இருப்பதைவிட அதிகக் குளிரைக் காட்டுகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

‘‘காலையில் பிரச்னை இல்லை. சூடாக ஓடி நின்ற பிறகுதான் எடுக்க மறுக்கிறது. அரை மணி நேரம் ஆறினால் சரியாகிவிடுகிறது. ஏன்?’’

இது குளிர் கோளாறுக்கு நேர் எதிரானது. கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழப்பது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. எடுக்க மறுக்கும் அந்த நேரத்தில் ஸ்கேனரில் ஆர்.பி.எம் எண்ணைப் பாருங்கள்.

‘‘எங்கள் ஊர் சமவெளி. உறைபனியே இல்லை. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?’’

பொருந்தும். மார்கழிக் காலையில் 20 டிகிரி இருந்தாலும், சென்சார் 80 டிகிரி என்று சொன்னால் பெட்ரோல் கார் தடுமாறும். மழைக்கால ஈரமும் எலியும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால், டீசல் வண்டியின் சுருள் விளக்கை மட்டும் வைத்து சமவெளியில் முடிவுக்கு வர வேண்டாம்.

‘‘சென்சாரே இல்லாத பழைய ஜீப், டிராக்டர் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?’’

பேட்டரி, எர்த், ஹீட்டர், டீசலில் காற்று, ஃபில்டர் அடைப்பு, கையேடு சொல்லாத கெட்டியான ஆயில்... இந்த வரிசையில் பார்த்தால் போதும்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

வண்டியைக் கொண்டுபோகும்போது, ‘காலையில ஸ்டார்ட் ஆகல’ என்பதோடு நிறுத்த வேண்டாம். ‘வெளியில 5 டிகிரி. செல்ஃப் நல்லா சுத்துது. பேட்டரி 12.6 இருக்கு. சுருள் விளக்கு உடனே அணையுது. வெள்ளைப் புகை வருது. கூலன்ட் 35-னு காட்டுது’ என்று சொன்னால், நல்ல மெக்கானிக் நேராக அந்தக் கப்ளரில்தான் கை வைப்பார். முடிந்தால், முதல் நாள் மாலையே வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவரையே முதல் செல்ஃப் அடிக்கச் சொல்லலாம். பழுது பார்த்த பிறகும், அடுத்த குளிர் காலையில் அந்த மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். அவை ஒத்துப்போய், வண்டி முதல் சுற்றிலேயே எடுத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.